தண்ணீர் பச்சையாக இருந்தால் போதாது: மொய்னா வளர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக மொய்னா என்ற நுண்ணிய நீருயிரியை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "தண்ணீர் நல்ல பச்சையாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் பெருகவில்லை?" என் அக்கா மகள் உயர்நிலைப் பள்ளி அறிவியல் திட்டப்பணிக்காக என்னிடம் வந்தபோதும் இதையேதான் கேட்டாள். கையில் ஒரு புட்டி. சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் வீட்டு அடுப்படி ஜன்னலோரம் ஆறு வாரம் வெயில் குடித்து, கீரைச் சாறு போலக் கெட்டியாகிவிட்ட பச்சைத் தண்ணீர், மொய்னாவுக்குத் தீனியாகும் பாசி நிறைந்தது. அதை ஊற்ற ஆரம்பித்த நாளிலிருந்து வாளியில் மொய்னா குறைந்துகொண்டே வந்ததாம்.

"பட்டினியா கிடக்குதா மாமா?"

ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கைப்பேசியில் மாட்டும் லென்ஸால் பார்த்தோம். குடல் முழுக்கப் பச்சைக் கோடு, ஆகவே பட்டினி இல்லை. உடம்பில் அங்கங்கே மஞ்சள் எண்ணெய்த் துளிகள். நன்றாகக் கொழுத்துத்தான் இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் முட்டைப்பை இருக்கும் இடம் கண்ணாடி மாதிரி வெறுமையாகத் தெரிந்தது. வயிறு நிறைந்திருந்தும் பிள்ளை இல்லை. அது ஏன், எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மொய்னா ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நன்னீர் உயிரி. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. தத்தித் தத்தி நீந்துவதால் தண்ணீர்த் தெள்ளு என்றும் சொல்வார்கள். இதன் பெரிய உறவினர் டாஃப்னியா. ஆராய்ச்சிகள் பெரும்பாலும் டாஃப்னியாவில்தான் நடந்திருக்கின்றன, ஏனென்றால் அது குளிர்நாட்டு ஏரிகளில் ஏராளம். நம் ஊர் வீட்டில் தண்ணீர் 28 முதல் 31 டிகிரி வரை நிற்கும். பெரிய டாஃப்னியா அதில் திணறும், மொய்னாவுக்கு அது சொந்த வீடு. சிங்கப்பூர் அலங்கார மீன் பண்ணைகளில் முன்பு கோழி எருவிட்ட குளங்களில் இதைத்தான் வளர்த்துக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள்.

நல்ல காலத்தில் பெட்டை மட்டுமே இருக்கும். ஆண் துணையில்லாமல் முட்டை வைத்து, முதுகுப்பையிலேயே பொரித்து, பெட்டைக் குஞ்சுகளையே வெளியே விடும். பிறந்த நான்கு முதல் ஏழு நாளில் குஞ்சும் தாயாகிவிடும். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு ஈடு, அதாவது ஒரு தொகுதிக் குஞ்சு. மொய்னாவில் இன்னொரு விசேஷம் உண்டு. முட்டையில் மஞ்சள் கரு மிகக் குறைவு. கரு வளரும்போது பைக்குள் தாய் சுரக்கும் ஊட்டநீரைக் குடித்துத்தான் வளர்கிறது. ஆக, தாய் நேற்றுத் தின்றதும் இன்று தின்பதும் நாளைய குஞ்சில் தெரியும். தீனியின் தரத்தைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான அளவுகோல் அமைவது கடினம்.

தண்ணீரும் பாத்திரமும்

நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். சாதாரணக் குளோரினை ஒரு நாள் திறந்து வைத்துப் போக்குவது போல இதைப் போக்க முடியாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சீட்டில் உள்ள அளவுக்குக் கலந்து, ஒரு நாள் கழித்துப் பயன்படுத்துங்கள். குளோரமின் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். பாசி வளர்க்கும் புட்டிக்கு அது உரமாகிவிடும், மொய்னா வாளிக்குத்தான் தொல்லை. அதனால் புதுத் தண்ணீரை முதலில் பாசிக்கே கொடுங்கள்.

செம்புக் குடத்துத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் குடிநீரைச் செம்பில் வைக்கும் வழக்கம் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பே இந்த உயிரிகளைக் கொன்றுவிடும். தபாவ் செய்த, அதாவது கடையில் சாப்பாடு கட்டி வாங்கி வந்த, பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பயன்படுத்துவதும் சரிவராது. எண்ணெய்ப் படலம் துளி இருந்தாலும் மொய்னா நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க முடியாமல் சாகும். புது பிளாஸ்டிக் குவளைகளை வாங்கிச் சோப்பு போடாமல் அலசிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாத்திரங்களின் வாயையும் பழைய வேட்டித் துணியால் இழுத்துக் கட்டி ரப்பர் வளையம் போடுங்கள். ஏடிஸ் கொசு ஒரு சின்னக் குவளையிலேயே முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுச் சோதனைக்கு வருவார்கள், புழு இருந்தால் அபராதம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வந்துவிடக் கூடாது. நடைபாதையில் எதையும் வைக்காமல் வீட்டுக்குள் ஜன்னலோரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தண்ணீர் தயாரித்தல்

மீன் வளர்க்கும் நண்பரிடம் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதில் குளோரெல்லா, ஸீனெடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகள் இருக்கும். 1.5 லிட்டர் புட்டியில் தயாரித்த தண்ணீரை ஊற்றி, இந்தக் கோப்பையைச் சேர்த்து, செடிகளுக்கு ஊற்றும் திரவ உரத்தில் சில துளிகள் விடுங்கள். உரச் சீட்டில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கிறதா என்று பாருங்கள், செம்பு அதிகமுள்ள உரத்தைத் தவிருங்கள். தினமும் இரண்டு தடவை குலுக்கினால் போதும். ஒரு வாரத்தில் இளம்பச்சை ஏறும்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பச்சை ஏறிவிட்டது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். நிறம் மட்டும் நாளுக்கு நாள் கெட்டியாகும். அப்படி விடாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தீனியாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உரம் கலந்த புதுத் தண்ணீரை நிரப்புங்கள். முருங்கையை ஒடித்து விட்டால்தான் கொழுந்து வரும் என்பது போல, எடுக்க எடுக்கத்தான் புட்டியில் இளம் பாசி இருக்கும்.

இளம் பாசிக்கும் முற்றிய பாசிக்கும் என்ன வேறுபாடு?

பாசிக்கு வெளிச்சம் கிடைத்தால் கார்பனைச் சேர்த்துக்கொண்டே போகும். அதற்குப் புதிதாகப் பாஸ்பரஸ் தேவையில்லை, வெயில் போதும். ஆனால் செல் பிரிந்து பெருகப் பாஸ்பரஸ் வேண்டும். உரம் தீர்ந்த புட்டியில் வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், பாசி மாவும் கொழுப்புமாக ஊதிப்போகும், பாஸ்பரஸ் மட்டும் மெலிந்துகொண்டே வரும். கடல் மிதவையுயிரிகளைப் பற்றி ரெட்ஃபீல்டு என்ற அறிவியலாளர் சொன்ன விகிதத்தில் 106 கார்பன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு. நல்ல தீனி ஏறத்தாழ அந்தப் பக்கம் இருக்கும். முற்றிய புட்டியில் அது பல நூறுக்கு ஒன்று என்று போய்விடும். டாஃப்னியா ஆய்வுகளில் ஏறத்தாழ 300க்கு 1 என்ற எல்லையைத் தாண்டினால் வளர்ச்சி தளரத் தொடங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். ராபர்ட் ஸ்டெர்னர், ஜேம்ஸ் எல்சர் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

பாஸ்பரஸ் இல்லாவிட்டால் ஏன் முட்டை நிற்கிறது? வேகமாக வளரும் உடலுக்குப் புரதம் கட்டும் தொழிற்கூடங்கள், அதாவது ரைபோசோம்கள், நிறைய வேண்டும். அவை பாஸ்பரஸ் நிறைந்தவை. பாஸ்பரஸ் வரத்து குறைந்தால் தொழிற்கூடம் எழாது. தின்ற கார்பன் மட்டும் குவியும். அதில் ஒரு பங்கை மூச்சிலும் கழிவிலும் வெளியேற்றிவிட்டு, மீதியைக் கொழுப்பாக ஒதுக்கிவைக்கும். அக்கா மகளின் லென்ஸில் நாங்கள் பார்த்தது அதைத்தான்: உடம்பெல்லாம் எண்ணெய்த் துளி, பையில் முட்டை இல்லை. எண்ணெய்த் துளியைப் பார்த்து 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று நினைத்துவிடாதீர்கள். துளியையும் முட்டைப்பையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

போதாக்குறைக்கு, பாஸ்பரஸ் இல்லாத பச்சைப் பாசியின் செல்சுவர் தடித்துவிடும். விழுங்கிய செல் செரிக்காமலே மறுபுறம் வெளியே வந்துவிடும். குடல் பச்சையாகத் தெரிவது செரிமானத்துக்குச் சான்று ஆகாது.

பாஸ்பரஸ் இருந்தும் குறை வரலாம்

இரண்டு கொழுப்புப் பொருள்களை மொய்னா போன்ற உயிரிகள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பெற வேண்டும். ஒன்று ஸ்டீரால். கொலஸ்ட்ரால் கட்ட அது வேண்டும், தோலுரிக்கும் ஹார்மோனுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். தோலுரிக்காமல் வளர்ச்சி இல்லை, அடுத்த ஈடும் இல்லை. பச்சைப் பாசியில் ஸ்டீரால் உண்டு. நீலப்பச்சைப் பாசியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் திரண்டதாகப் பதிவான மிக்ரோசிஸ்டிஸ் இந்த நீலப்பச்சை வகைதான். அதற்கு நஞ்சும் உண்டு, திரள்திரளாக ஒட்டிக்கொண்டு வடிகட்டும் கால்களையும் அடைக்கும். கடையில் விற்கும் ஸ்பைருலினாப் பொடிக்கு நஞ்சு இல்லை, ஆனால் அதுவும் நீலப்பச்சைக் குடும்பம்தான். துணைத் தீனியாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க அதையே நம்பி வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பமிலங்கள், குறிப்பாக இபிஏ. டாஃப்னியா இதைச் சேர்த்து முட்டைக்குள் வைக்கிறது. 2000ஆம் ஆண்டில் டோர்த்தே முல்லர்-நவாராவும் உடன் ஆய்வாளர்களும், பாசியில் இபிஏ எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு டாஃப்னியாவின் வளர்ச்சியைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். டயாட்டம், கிரிப்டோமோனாஸ் போன்ற பழுப்பு நிறப் பாசிகளில் இது நிறைய இருக்கும். பச்சைப் பாசியில் இதன் முன்னோடியான குறுஞ்சங்கிலி வகை மட்டும் உண்டு.

இது மீன் குஞ்சு வரைக்கும் போகிற விஷயம். ஜப்பானில் கடல்மீன் குஞ்சுப் பண்ணைகளில், ரொட்டி ஈஸ்டை மட்டும் தின்று பெருகிய ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிரிகளைக் குஞ்சுகளுக்குப் போட்டபோது கூட்டம் கூட்டமாகச் செத்தன. ரோட்டிஃபர் எண்ணிக்கையில் குறைவில்லை, அதற்குள் ஒமேகா-3 இல்லை. இபிஏ நிறைந்த நுண்ணிய கடல்நீர்ப் பாசியையும் கொழுப்பு ஏற்றிய ஈஸ்டையும் கொடுத்த பிறகே குஞ்சுகள் தேறின. நம் அப்பம் மாவுக்குப் போடும் அதே வகை ஈஸ்டைத்தான் மொய்னாவுக்கும் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். எண்ணிக்கை ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மொய்னாவைத் தின்னும் குஞ்சையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் டயாட்டம் கிடைக்க எளிய வழி இருக்கிறது. புதிதாக வைத்த மீன்தொட்டியின் கண்ணாடியில் முதல் சில வாரம் பழுப்புப் படலம் படியும், பெரும்பாலும் அது டயாட்டம். மருந்து போடாத தொட்டியாக இருந்தால், மெதுவாகச் சுரண்டி ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, பெரிய துகள் அடியில் தங்கியதும் கலங்கிய மேல்நீரை மட்டும் வாரத்தில் இரண்டு தடவை மொய்னாவுக்கு ஊற்றுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது?

தரத்தைப் பேசும் முன் அளவு சரியாக இருக்க வேண்டும். பசித்த உயிருக்கு எந்தச் சோறும் நல்ல சோறுதான், வயிறு நிறைந்த பிறகுதான் சோற்றின் குணம் தெரியும். அதனால் எல்லாக் குவளையிலும் பச்சை ஒரே அளவாக இருக்கட்டும். நான் இதற்குத் தமிழ் முரசைப் பயன்படுத்துகிறேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றிப் பின்னால் செய்தித்தாளைப் பிடிப்பேன். தலைப்பு எழுத்து தெளிவாகத் தெரிந்து, உள்ளே பொடி எழுத்து மங்கி, படிக்கச் சிரமப்பட வேண்டும். பொடி எழுத்தும் பளிச்சென்று தெரிந்தால் தீனி குறைவு. தலைப்பே மறைந்தால் அதிகம். அதிகமானால் மொய்னாவின் வடிகட்டி அடைபடும், இரவில் ஆக்ஸிஜன் தீரும். மொய்னா வெளிறிய நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற காற்றைப் பிடித்துக்கொள்ள அது இரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது.

பாசிப் புட்டி வெயிலில், மொய்னா வாளி நிழலில். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் மதியம் பாசி கரியமில வாயுவை உறிஞ்சித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்போது கொஞ்ச அம்மோனியாவும் நஞ்சாகும். காலையில் துள்ளிய கூட்டம் மாலையில் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

பள்ளித் திட்டப்பணிக்கு இது போதும், தீனி தயாரானதும் பத்து நாள் வேலை.

மாலையில் முட்டைப்பை நிறைந்த தாய்களைத் தனிக் குவளையில் விடுங்கள். மறுநாள் காலையில் அதில் இருக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே வயது. நுனியை அகலமாக வெட்டிய ஸ்ட்ராவால் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, 50 மில்லி தண்ணீர் உள்ள குவளைக்கு ஒன்றாக விடுங்கள். காற்றில் தூக்காமல் நீருக்கடியில் விட வேண்டும். மொத்தம் 15 குவளை: ஐந்துக்கு இளம் பாசி, ஐந்துக்கு மூன்று வாரம் உரமின்றி வெயிலில் வைத்த முற்றிய பாசி, ஐந்துக்கு ஈஸ்ட். முற்றிய பாசியை அதே புட்டித் தண்ணீரோடு குளிர்பெட்டியில் வைத்தால் சில நாளில் அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, உரமில்லாத தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள். உரமுள்ள தண்ணீர் பட்டால் அந்தப் பாசி சில மணி நேரத்தில் பாஸ்பரஸை உறிஞ்சித் தேறிவிடும், சோதனை கெட்டுவிடும்.

தினமும் காலை ஒரே நேரத்தில் தீனியை மாற்றுங்கள். குறிப்பேட்டில் மூன்று விஷயம் எழுதினால் போதும்: முதல் முட்டை எந்த நாள் தெரிந்தது, முதல் ஈடு எந்த நாள் வெளியே வந்தது, அதில் எத்தனை குஞ்சு. எண்ணிய குஞ்சுகளை அகற்றிவிடுங்கள்.

பத்தாம் நாள் கணக்குப் போடும்போது, குஞ்சு எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தாய் நான்காம் நாளில் 6 குஞ்சு விடுகிறது, இன்னொரு தாய் ஆறாம் நாளில் 12 குஞ்சு விடுகிறது. எது வேகமாகப் பெருகும்? முதல் ஈட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், 6இன் இயல் மடக்கை (கணிப்பானில் ln பொத்தான்) 1.79, அதை 4 நாளால் வகுத்தால் நாளுக்கு 0.45. 12இன் மடக்கை 2.48, அதை 6ஆல் வகுத்தால் 0.41. பாதிக் குஞ்சு விட்டும் முந்திக்கொண்ட தாய்தான் ஜெயிக்கிறது. அவளுடைய பிள்ளைகள் சீக்கிரம் தாயாகிவிடுவார்கள் அல்லவா, வட்டிக்கு வட்டி சேர்கிற கதை. மோசமான தீனி முட்டையைக் குறைப்பதோடு முதல் ஈட்டையும் தள்ளிப்போடுகிறது. அந்தத் தாமதம்தான் வாளியில் பெரிய இழப்பாக வந்து நிற்கும்.

வாளிக்கும் இதே கணக்குதான். மெதுவாகக் கலக்கி 100 மில்லி வீதம் மூன்று தடவை எடுத்து எண்ணி, சராசரி பாருங்கள். லிட்டருக்கு 10 இருந்தது ஆறு நாளில் 80 ஆனால், 8இன் மடக்கை 2.08, ஆறால் வகுத்தால் 0.35. 2இன் மடக்கையான 0.69ஐ அதனால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும்: இரண்டு நாள்.

முற்றிய புட்டியை என்ன செய்வது?

கொட்ட வேண்டாம். அக்கா மகளின் புட்டிக்கு அன்று மாலை சில துளி உரம் விட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்தோம். பசித்த பாசி பாஸ்பரஸை வேகமாக இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையிலிருந்து அதை நீர்த்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் அவளே லென்ஸோடு வந்து, "மாமா, இதுல பதினொண்ணு இருக்கு" என்று ஒரு தாயைக் காட்டினாள். உருண்டை உருண்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு. சிலவற்றில் கருங்கண் புள்ளி வந்திருந்தது. கண் புள்ளி தெரிந்தால் சீக்கிரமே வெளியே வந்துவிடும்.

எச்சரிக்கை அடையாளம் ஒன்று

முட்டைப்பையில் வெளிர் உருண்டைகளுக்குப் பதில் கருமையான சேணம் போன்ற ஒன்று தெரிந்தால், அது உறங்குமுட்டை. கூட்ட நெரிசலிலும் தீனிக் குறையிலும் ஆண் மொய்னா பிறந்து, பெட்டைகள் இந்த முட்டைக்கு மாறும். குளிர்நாடுகளில் பகல் குறுகுவதும் ஒரு காரணம். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், ஆகவே உங்கள் வாளியில் உறங்குமுட்டை வந்தால் முதலில் கூட்டத்தையும் தீனியையும் சந்தேகியுங்கள். பாதி மொய்னாவை அள்ளி மீனுக்குப் போட்டுவிட்டு, இளம் பாசியைக் கூட்டுங்கள்.

மிஞ்சியதை நீர்த்தேக்கத்திலோ லொங்காங் எனும் வடிகாலிலோ ஊற்றாதீர்கள். செடித் தொட்டிக்கு ஊற்றுங்கள், மண்ணுக்கும் நல்லது. வாளியின் அடியில் படிந்த உறங்குமுட்டைகளை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, தாள் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். என்றாவது வாளி முழுக்கச் செத்துப்போனால், அவற்றைச் சுத்தமான தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். சில நாளில் முதல் குஞ்சு தத்தும். அதற்குள் இளம் பாசிப் புட்டி ஒன்று தயாராக இருக்கட்டும்.